பேருடலும் மல்லரங்கும்

பழனி மலைத்தொடரின் தென்சரிவில், கொடைக்கானல் நகருக்குச் சற்றே கீழே அமைந்த செண்பகனூரின் வழியாகத்தான், லாஸ்காட் ரோடு என்று இன்று வழங்கும் மோட்டார் பாதை சென்ற நூற்றாண்டின் முற்பகுதியில் உருப்பெறுவதற்கு முன்னர், பெரியகுளத்தை அடுத்த கிருஷ்ணம்ம நாயக்கன் தோப்பிலிருந்து செங்குத்தாக ஏறிவந்த பழைய கூலிப்பாதை சென்றது. அரிசியும் உப்பும் மட்டுமல்ல, சமவெளியின் கோடை வெப்பத்துக்கு அஞ்சி மலையேறிய துரைமாரும் அவர்தம் மனைவி மக்களுங்கூட, நாற்காலியிலும் டோலியிலும் அமர்ந்தபடியே மனிதத் தோள்களின்மீது இம்மலைக்கு வந்து சேர்ந்தனர். அப்பாதையை அடுத்த வெள்ளகெவி போன்ற ஊர்களுக்கு அண்மைக் காலம் வரையிலும் குதிரை முதுகும் ஆள் தலையுமே சரக்கு வண்டிகளாக இருந்துவந்தன. மலைநாட்டில் சரீர பலம் என்பது வேடிக்கைக்கு உரிய பொருளாக மதிக்கப்பட்டதைவிடக் கூலிக்கு உரிய பொருளாக மதிக்கப்பட்டதே அதிகம்.

இம்மலையின் வடபால் அடிவாரமாகிய பழனியில் வழங்கும் இடும்பன் விருத்தாந்தத்தையும் இவ்விடத்தில் நினைவுகூர்தல் பொருந்தும். அகத்திய முனிவரின் ஏவலால் சிவகிரி, சத்திகிரி என்னும் இரு குன்றுகளைக் காவடியாகக் கட்டித் தோளில் சுமந்து வந்த அப்பேருடல் அசுரன், குன்றின்மேல் நின்ற பாலகனோடு பொருது வீழ்ந்து, பின்னர் அவன் அருளால் உயிர்பெற்று வாயிற்காவலனாக நின்றான் என்பது தலபுராணச் செய்தி. காவடி எடுப்போர் இன்றளவும் இடும்பனை வணங்கிய பின்னரே மலையேறுகின்றனர். பெருவுடல் படைத்தவனிடம் ஜனங்கள் எதிர்பார்ப்பவை யாவை என்பதை இக்கதை நன்கு காட்டுகிறது: அவன் சுமக்க வேண்டும், எதிர்த்து நிற்க வேண்டும், இறுதியில், தன்னிலும் சிறியவன் ஒருவனிடம் வீழவும் வேண்டும்.

இம்மூன்றையும் தொழிலாகவே செய்து, அதன்மூலம் உலகப் பிரசித்தி பெற்ற இந்தியர் ஒருவர் நம் காலத்தில் வாழ்ந்து வருகிறார். ‘கிரேட் காளி’ என்று சிறுவர் முதல் முதியோர் வரை அறிந்திருக்கும் தலீப் சிங் ராணாவே அவர். அவரைப் பற்றிப் பேசுவோர் பெரும்பாலும் அவருடைய உயரத்தைச் சொல்லி வியப்பதோடும், அவருடைய மெதுவான நடையைச் சொல்லி நகைப்பதோடும் நின்றுவிடுகின்றனர். உயரம் அவர் ஈட்டியதன்று. அது ஒரு வியாதியின் விளைவு. மெதுவான நடையும் அவ்வாறே. அவ்வியாதி கொடுத்ததைக் கொண்டு அவர் செய்த உழைப்பும், அவ்வியாதியால் மாய்ந்த முந்தைய மல்லரைப் போலன்றி உயிரோடு மீண்டு வந்ததும், மீண்ட பின் அவர் அமைத்த கல்விச்சாலையுமே அவருடைய தொழில் வாழ்வில் ஆராயத்தக்கவை என்பது நமது அபிப்பிராயம்.

ராணா 1972-ஆம் ஆண்டு ஆகஸ்டு 27-ஆம் தேதி, இமாசலப் பிரதேசத்தின் சிர்மௌர் மாவட்டத்தைச் சார்ந்த தீரைனா என்னும் மலைக்கிராமத்தில், ஏழைக் குடியானவர் குடும்பத்தில், எழுவர் மக்களுள் ஒருவராகப் பிறந்தார். மழை பொய்த்து விளைச்சல் கெட்ட 1979-ஆம் ஆண்டில், பள்ளிக்குச் செலுத்த வேண்டிய இரண்டரை ரூபாய்க் கட்டணத்தை வீட்டாரால் திரட்ட இயலாமையால் தம் கல்வி நின்றுபோன செய்தியையும், அதனை ஒட்டி நாளொன்றுக்கு 5 ரூபாய்க் கூலிக்குத் தாம் அமர்ந்த முதல் வேலையையும், 2016-இல் வெளிவந்த சுயசரிதையில் அவர் கூறியிருக்கிறார். மலைக்குக் கீழே உள்ள நாற்றங்காலிலிருந்து மரக்கன்றுகளைச் சுமந்து மேலேறி, ஊரை அடுத்த சரிவுகளில் நடுவதே அவ்வேலை. பழனி மலையின் மேட்டுப் புல்வெளிகளில் வாட்டிலும் தைல மரமும் பைனும் நடப்பட்ட காலங்களில், இங்குள்ள எத்தனையோ குடும்பங்கள் உண்ட சோறும் இத்தகைய கன்று சுமக்கும் கூலியால் வந்ததே. கன்றின் வேர் மண் உதிராதபடி தூக்கி, வழுக்கும் பாறையில் கால் பதித்து ஏறுவதற்கு உடலின் பருமனைவிட நிதானமே தேவை. பிற்காலத்தில் மல்லரங்கில் ஒவ்வோர் அடியையும் அளந்து வைத்த அம்மனிதர், சிறு பிராயத்தில் கற்ற தொழில் இதுவாகும்.

வளர வளர அவருடைய சரீரம் மற்றையோர் சரீரத்தினின்று வேறுபடலாயிற்று. இதற்குக் காரணமான வியாதிக்கு அக்ரோமெகலி என்று பெயர். பிரெஞ்சு வைத்தியர் பியேர் மாரி 1886-ஆம் ஆண்டில் இதனை இன்னதென வகுத்துப் பெயரிட்டார். மூளையின் அடிப்புறத்தில் பட்டாணி அளவே உள்ள பிட்யூட்டரி சுரப்பியில் கழலை ஒன்று தோன்றி, வளர்ச்சி ஹார்மோனை அளவின்றிச் சுரக்கச் செய்வதால் இது விளைகிறது. கைகால் எலும்புகளின் நுனியில் உள்ள வளர்ச்சித் தகடுகள் மூடிக்கொள்ளுமுன் இச்சுரப்பு மிகுமாயின் மனிதன் நெடிது உயர்கிறான். மூடிக்கொண்ட பின்னரும் சுரப்பு நீடிக்குமாயின், உயரம் நின்றுவிட, தாடையும் புருவ எலும்பும் முன்னே துருத்தி, கைகளும் பாதங்களும் பருத்து, நாவும் தடித்துக் குரலும் கனத்துவிடுகிறது. வெளியே தெரியும் இம்மாற்றங்களைக் கண்டு அஞ்சுவோர், உள்ளே நிகழ்வனவற்றை அறிவதில்லை. இருதயம் பெருத்துத் தளர்கிறது, மூட்டுகள் தேய்கின்றன, சர்க்கரை வியாதி சேர்கிறது, உறக்கத்தில் மூச்சு தடைப்படுகிறது. பார்ப்போருக்கு அசுர பலத்தின் உருவமாகத் தோன்றும் அதே சரீரம், அதனைத் தாங்கி நிற்போனுக்கு இடையறாத நோவின் இருப்பிடமாக இருக்கிறது.

சிம்லாவில் காவலாள் வேலை பார்த்துக்கொண்டிருந்த அந்நெடிய இளைஞரைப் பஞ்சாப் காவல் துறையைச் சார்ந்த உயர் அதிகாரி ஒருவர் கண்டு தம் துறைக்கு அழைத்துக்கொண்டதும், 1993-ஆம் ஆண்டில் ராணா அத்துறையில் சேர்ந்து ஜலந்தரில் தேகப் பயிற்சியில் ஈடுபட்டதும், அவருடைய வாழ்வின் போக்கையே மாற்றின. கூலியாளாக மதிக்கப்பட்ட உடல் அங்கேதான் முதன்முறையாக விளையாட்டு வீரனின் உடலாக மதிக்கப்பட்டது. 2000-ஆம் ஆண்டில் அவர் கலிபோர்னியாவுக்குச் சென்று, சான் பிரான்சிஸ்கோவை அடுத்த பகுதியில் இயங்கிய ஆல் புரோ ரெஸ்லிங் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, ‘ஜயண்ட் சிங்’ என்னும் பெயரோடு அரங்கேறினார்.

அப்பள்ளியில் நிகழ்ந்த துர்ச்சம்பவம் ஒன்றைச் சொல்லாமல் கடந்து செல்வது நேர்மையாகாது. 2001-ஆம் ஆண்டு மே மாதத்தில், ராணாவோடு பயிற்சி செய்துகொண்டிருந்த இளம் மாணவர் ஒருவர், அவரால் உயரே தூக்கி எறியப்பட்டு வீழ்ந்தபோது தலையில் அடிபட்டு இறந்துபோனார். அம்மாணவருக்கு அதற்கு முன்பே தலையில் அடிபட்டிருந்தும், அவர் மீண்டும் பயிற்சிக்கு அனுமதிக்கப்பட்டிருந்தார். குடும்பத்தார் தொடுத்த வழக்கில், பொறுப்பின்றி நடந்துகொண்டதாகப் பயிற்சிப் பள்ளியே குற்றங்காணப்பட்டு, 13 லட்சம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதிக்கப்பட்டது. தொழில்முறை மல்யுத்தத்தை ‘எல்லாம் பாசாங்கு’ என்று ஒரே சொல்லில் தள்ளிவிடுவோர் இவ்வழக்கைச் சிந்திக்க வேண்டும். யார் வெல்வது என்பது முன்னரே தீர்மானிக்கப்பட்டிருக்கலாம். ஏழடி உயரத்திலிருந்து வீழும் உடலைப் பலகை எவ்வாறு ஏற்கும் என்பதை எவரும் முன்னரே தீர்மானிக்க இயலாது. தூக்குவோன் தன் பிடியில் உள்ளவனின் கழுத்துக்கும் தலைக்கும் பொறுப்பாளி. வீழ்வோன் தாடையை மார்போடு ஒட்டி, முதுகின் அகலம் முழுவதும் ஒரே கணத்தில் பலகையில் படும்படி வீழக் கற்றிருக்க வேண்டும். மல்லர் கல்வியின் முதற்பாடம் அடித்தலன்று, வீழ்தலே.

வெற்றி தோல்வி முன்னரே வகுக்கப்பட்ட இக்கலையை விளையாட்டெனக் கொள்வதா, நாடகமெனக் கொள்வதா என்னும் விவாதம் மேல்நாட்டில் நெடுநாள் நடந்தது. அக்காலத்தில் டபிள்யூ.டபிள்யூ.எஃப். என்று வழங்கிய அமெரிக்க நிறுவனமே, விளையாட்டுப் போட்டிகளுக்குரிய வரியினின்றும் விதிகளினின்றும் விலக்குப் பெறும் பொருட்டு, தான் நடத்துவது பொழுதுபோக்குக் காட்சியே என்று 1989-ஆம் ஆண்டில் நியூ ஜெர்சி மாநிலச் சட்டமன்றத்தில் ஒப்புக்கொண்டது. தமிழருக்கு இவ்விவாதம் அத்தனை புதிதாகத் தோன்ற வேண்டியதில்லை. சிலப்பதிகாரத்தில் மாதவி ஆடிய பதினொரு வகை ஆடல்களுள் மல்லாடலும் ஒன்று. போர் அங்கே ஆடலாகவே நிற்கிறது. மெய்யான மற்போரைப் பாடிய புறநானூற்றுப் புலவர்களுங்கூடப் பொருவோனை மட்டும் பாடவில்லை, காண்போரையும் சேர்த்தே பாடினர். போரவைக் கோப்பெருநற்கிள்ளி ஆமூர் மல்லனை மார்பில் ஒரு காலூன்றி மடக்கியதைப் பாடும் சாத்தந்தையார், அதனைக் காணும்படி அழைப்பது அம்மன்னனுடைய தந்தையாகிய தித்தனையே. அதே கிள்ளியைப் பாடும் நக்கண்ணையாரோ, வென்றவன் அவனே என்று சிலரும் அவன் அல்லன் என்று சிலரும் ஊரார் இரு கட்சியாகப் பிரிந்து வாதாடுகையில், பனைமரத்தடியில் நின்று தான் கண்ட வெற்றியைச் சொல்லும் பெண்ணின் குரலை நமக்குத் தருகிறார். மல்லரங்கின் உயிர், பொருவோரின் புயங்களில் உள்ள அளவுக்குச் சுற்றி நிற்போரின் ஆரவாரத்திலும் உள்ளது. இதனை மனத்திற் கொள்ளாமல் காளியின் தொழிலை மதிப்பிடுதல் இயலாது.

ஜப்பானில் நியூ ஜப்பான் புரோ ரெஸ்லிங் அமைப்பில் 2001, 2002-ஆம் ஆண்டுகளில், பிரேசில் நாட்டவரான ஜயண்ட் சில்வா என்னும் மற்றொரு நெடியவரோடு இணையாகப் பொருதமையும், 2005-இல் ‘தி லாங்கஸ்ட் யார்ட்’ என்னும் ஹாலிவுட் படத்தில் நடித்தமையும் அவருக்கு அறிமுகம் தேடித் தந்தன. இருப்பினும் அவர் பெயர் உலகெங்கும் பரவியது மேற்சொன்ன அமெரிக்க நிறுவனத்தில் அவர் சேர்ந்து, 2006-ஆம் ஆண்டு ஏப்ரல் 7-ஆம் தேதி ஒளிபரப்பான அதன் ‘ஸ்மாக்டவுன்’ நிகழ்ச்சியில் தோன்றியதனால்தான். அதுகாறும் அரங்கில் பெரும்பாலோரை மேலிருந்து கீழாகவே நோக்கிப் பழகிய, ஏறத்தாழ ஏழடி உயரமுள்ள அண்டர்டேக்கர் என்னும் மல்லர், அன்று தன் எதிரே வந்து நின்றவரை அண்ணாந்து பார்த்தார். அந்தப் பார்வை ஒன்றே போதுமானதாயிற்று. மே மாதம் 21-ஆம் தேதி நடந்த ‘ஜட்ஜ்மென்ட் டே’ பந்தயத்தில் காளி அவரை ஐயத்துக்கு இடமின்றித் தோற்கடித்தபோது, இந்திய நாட்டின் கேபிள் தொலைக்காட்சிகளின் முன்னே குழுமியிருந்த கோடானுகோடிச் சிறுவர்களின் அபிமானத்துக்கு எல்லையில்லாமற் போயிற்று.

அந்நாட்களில் கொடைக்கானல் மலைச் சிற்றூர்களிலும் சமவெளி நகரங்களிலும் பெட்டிக்கடைக்குப் பெட்டிக்கடை தொங்கிய டிரம்ப் கார்டுகளைக் கண்டோர் இதனை எளிதில் உணர்வர். கையகல அட்டை, மேற்பாதியில் மல்லரின் வண்ணப்படம், கீழ்ப்பாதியில் தரவரிசை, உயரம், எடை, மார்பளவு, புயத்தளவு என எண்கள். சீட்டுக் கட்டைப் பகிர்ந்துகொண்டு, முறை வந்தவன் ஏதேனும் ஓர் அளவைச் சொல்ல, பெரிய எண் உடையவன் மற்றவனுடைய சீட்டைப் பறித்துக்கொள்வான். காளியின் படம் கையில் வந்த சிறுவன், மற்ற அளவுகளை நோக்காமலே ‘ஹைட்டு’ என்று கூவிவிடுவான். அதற்குமேல் ஆட்டம் இல்லை. அந்த எண்களோ ஆண்டுக்காண்டு மாறியவை. தொடக்கத்தில் அவருடைய உயரம் 7 அடி 3 அங்குலம் என்றும் எடை 420 பவுண்டு என்றும் பறைசாற்றிய நிறுவனம், பின்னர் 7 அடி 1 அங்குலம் என்றும் 347 பவுண்டு, அதாவது ஏறக்குறைய 157 கிலோ, என்றும் குறைத்துக்கொண்டது. மல்லரங்கத் தொழிலில் அளவுகோலும் விளம்பரத்துக்கே பணி செய்வதால், இத்தகைய எண்களை எச்சரிக்கையோடு கையாளுதலே ஆய்வாளருக்கு அழகு.

அவருடைய கலையைப் பற்றி விமரிசகர்கள் கூறிய கண்டனங்கள் கடுமையானவை. அவரால் ஓட இயலவில்லை, குதிக்க இயலவில்லை, நாலைந்து அடிகளுக்கு மேல் தெரியவில்லை என்று அவர்கள் இகழ்ந்தனர். கண்ணுக்குத் தெரிந்தவரை இவை உண்மையே. ஆயினும் அவர் கையாண்ட அந்த நாலைந்து அடிகளை அருகிலிருந்து ஆராய்வோமாயின் அவற்றின் பொருத்தம் விளங்கும். உள்ளங்கையை விரித்து எதிரியின் உச்சந்தலையில் மேலிருந்து இறக்கும் அடி ஒன்று. எதிரியின் பொட்டுகளை இரு உள்ளங்கைகளாலும் கவ்வி நெருக்கும் பிடி மற்றொன்று. இரண்டுக்கும் முழங்காலின் உதவி வேண்டியதில்லை; நின்ற இடத்தில் நின்றபடியே செய்யத்தக்கவை. அக்ரோமெகலி அவருடைய மூட்டுகளைப் பழுதாக்கிய அதே வேளையில் கைகளைப் பன்மடங்கு பெருக்கியிருந்தது. எதிரியின் முகம் முழுவதும் அக்கைகளுக்குள் மறைந்துபோவதைக் காமிரா அண்மையில் காட்டும்போது, பார்ப்போர் நடுங்கினர். வியாதியின் அடையாளமே ஆயுதமாக மாற்றப்பட்டது என்றால் மிகையாகாது. தன் சரீரத்தில் எது பழுது, எது பயன் என்பதை நன்கறிந்து, பயனானதை மட்டும் அரங்கிற்குக் கொணர்ந்த விவேகத்தைச் சாமர்த்தியமின்மை என்று பெயரிடுதல் நியாயமாகத் தோன்றவில்லை.

2007-ஆம் ஆண்டே அவருடைய தொழிலின் உச்சம். எட்ஜ் என்னும் மல்லர் காயமுற்றுப் பட்டத்தைத் துறந்தமையால், உலக ஹெவிவெயிட் பட்டத்துக்காக இருபது மல்லர் ஒரே அரங்கில் பொருத பந்தயம் ஜூலை 20-ஆம் தேதி ஒளிபரப்பாயிற்று. கடைசியில் எஞ்சிய கேன், பட்டிஸ்டா இருவரையும் கயிற்றுக்கு அப்பால் வீழ்த்திக் காளி பட்டம் சூடினார். அந்நிறுவனத்தின் உலகப் பட்டம் ஒன்றை ஏந்திய முதல் இந்தியர் அவரே. செப்டம்பர் 16-ஆம் தேதி பட்டிஸ்டாவிடம் அது கைமாறியது. இரண்டு திங்களே நீடித்த அப்பட்டத்தை இந்தியப் பத்திரிகைகள் மிகவும் கொண்டாடின; பட்டம் அவர் தலையில் வைக்கப்பட்டதில் இந்தியத் தொலைக்காட்சிச் சந்தையின் பங்கு எவ்வளவு என்பதைப் பேசியவர் சிலரே. அதனினும் நமது கவனத்தை ஈர்ப்பது, அதே ஆண்டு ஜூன் 3-ஆம் தேதி நடந்த ‘ஒன் நைட் ஸ்டேண்ட்’ பந்தயமாகும். ஜான் சீனா என்னும் மல்லர், காளியைத் தோளில் ஏற்றிக் கிரேன் ஒன்றின் மேடையிலிருந்து கீழே வீழ்த்தினார். அரங்கமே எழுந்து நின்று ஆர்ப்பரித்தது.

தொழில்முறை மல்யுத்தத்தில் நெடியவருக்குக் கொடுக்கப்படும் உண்மையான பாத்திரம் இதுவே. அவர் மாதக்கணக்கில் வெல்ல முடியாதவராக உயர்த்தப்படுவது, ஓர் இரவில் தூக்கி எறியப்படுவதற்காகவே. 1987-ஆம் ஆண்டு மார்ச் 29-ஆம் தேதி, மிஷிகன் மாநிலத்துப் பாண்டியாக் நகர அரங்கில், பிரெஞ்சு நாட்டு நெடியவரான ஆந்திரே தி ஜயண்ட், ஹல்க் ஹோகனால் தூக்கப்பட்டு வீழ்ந்த காட்சி இன்றும் பேசப்படுகிறது. அதற்குச் சில மாதங்களுக்கு முன்புதான் ஆந்திரே முதுகெலும்பில் அறுவைச் சிகிச்சை செய்துகொண்டிருந்தார் என்பதை ஆரவாரித்த பெருங்கூட்டத்தில் அறிந்தவர் யார்? தூக்கியவன் புகழ் பெற்றான். தூக்கப்படுவதற்கு இசைந்து, சரியான கணத்தில் தன் பாரத்தைத் தானே உந்திக் கொடுத்து, நொந்த முதுகோடு வீழ்ந்தவனின் ஒத்துழைப்பின்றி அப்புகழ் பிறந்திராது. கிரேனிலிருந்து வீழ்ந்த காளிக்கும் இது பொருந்தும்.

நிறுவனம் அவரை உலகிற்கு அறிமுகம் செய்த விதத்தைப் பற்றி நமக்கு மனக்குறை உண்டு. இமாசலத்து மலைமகனாகிய அவரைப் பஞ்சாபி என்று காட்டி, மூங்கில் கழிகளால் இரட்டைக் கூண்டு அமைத்து அதற்குப் ‘பஞ்சாபிச் சிறை’ என்று பெயரிட்டு, அவர் வாயிலிருந்து வந்த பேச்சை எவருக்கும் விளங்காத உறுமலாகவே வைத்து, மொழிபெயர்ப்பாளர் ஒருவரைப் பக்கத்தில் நிறுத்தினர். பிறநாட்டானென்றால் அச்சம் தரும் மிருகமாகவோ நகைப்புக்குரிய கோமாளியாகவோதான் இருத்தல் வேண்டும் என்னும் பழைய சர்க்கஸ் கொட்டகையின் மனோபாவம் இது. முதலில் மிருகமாக இருந்தவர், 2008-ஆம் ஆண்டு முதல், அரங்கிற்கு வந்த பெண்களை அழைத்து முத்தமிடும் ‘கிஸ் காம்’ வேடிக்கையில் கோமாளியாக்கப்பட்டார். கொடுத்த வேடத்தை அவர் முகங்கோணாமல் ஆடினார். உண்மையில் அக்காட்சிகளில்தான் அவருடைய இயல்பான சாந்தம் சற்று வெளிப்பட்டது. ஆனாலும் ஓராண்டுக்கு முன்னர் உலகப் பட்டம் தாங்கியவரை அங்ஙனம் நடத்தியது அவமதிப்பே.

முதலாவது பஞ்சாபிச் சிறைப் பந்தயம் அவருக்காகவே 2006 ஜூலையில் வகுக்கப்பட்டிருந்தும், இரத்தப் பரிசோதனையில் கல்லீரல் நொதிகள் மிகுந்திருக்கக் கண்டமையால் அவர் விலக்கப்பட்டு, அவரிடத்தில் பிக் ஷோ என்னும் பால் வைட் இறக்கப்பட்டார். தற்செயலாக நிகழ்ந்த இம்மாற்றத்தில் ஆழ்ந்த பொருள் ஒன்று இருக்கிறது. பால் வைட்டும் அக்ரோமெகலியோடு வளர்ந்தவரே. ஆயின் 1990-களின் தொடக்கத்தில், மல்லரங்கிற்கு வருமுன்னரே, பிட்யூட்டரி அறுவைச் சிகிச்சையால் அதனைத் தடுத்துக்கொண்டவர். சிகிச்சை பெற்ற நெடியவர் ஒருவர், சிகிச்சை பெறாத நெடியவரின் இடத்தில் அன்று நின்றார்.

சிகிச்சை பெறாதோரின் கதியை மல்லர் வரலாறு துயரத்தோடு பதிந்து வைத்திருக்கிறது. ‘பிரெஞ்சு ஏஞ்சல்’ எனப்பட்ட மோரிஸ் டியே, கல்வியறிவும் பல மொழிப் புலமையும் நிரம்பியவராக இருந்தும், வியாதி உருமாற்றிய தம் முகத்தையே விற்று ஜீவனம் செய்ய நேர்ந்து, 1954-இல் ஐம்பதாம் வயதில் மாண்டார். சிகிச்சையை ஏற்க மறுத்த ஆந்திரே 1993 ஜனவரியில், தந்தையின் ஈமச்சடங்குக்காகப் பாரிசுக்குச் சென்றிருந்தவர், விடுதி அறையில் உறக்கத்திலேயே உயிர் நீத்தார், வயது 46. அர்ஜென்டினா நாட்டுக் கூடைப்பந்து வீரராயிருந்து மல்லரான ஹோர்கே கொன்சாலஸ், சக்கர நாற்காலியில் முடங்கி, 2010-இல் 44-ஆம் வயதில் இறந்தார். இருதயமும் சிறுநீரகமும் மூட்டும் ஒன்றன்பின் ஒன்றாகக் கைவிட்ட இச்சரித்திரங்களைப் படிப்போருக்கு, காளி நாற்பதாம் வயதை எட்டிய ஆண்டு எத்தனை ஆபத்தான ஆண்டு என்பது புலனாகும்.

அவ்வாண்டிலேயே, 2012 ஜூலையில், அமெரிக்காவின் பிட்ஸ்பர்க் நகரில் அவருக்கு அறுவைச் சிகிச்சை நடைபெற்றது. மண்டையைப் பிளவாமல், நாசித் துவாரத்தின் வழியே மெல்லிய கருவிகளைச் செலுத்தி, மூளையின் அடியில் இருக்கும் எலும்புக் குழியை அடைந்து, பிட்யூட்டரியின் மேலுள்ள கழலையை நீக்கும் முறை இப்போது வைத்திய சாஸ்திரத்தில் நன்கு கைவந்திருக்கிறது. பார்வை நரம்புகளும் மூளைக்கு இரத்தம் கொண்டுசெல்லும் பெருநாடிகளும் இரு பக்கமும் ஒட்டிச் செல்லும் அக்குறுகிய இடத்தில், வைத்தியரின் கை மயிரிழையும் பிசகலாகாது. வளர்ந்த எலும்பு சிகிச்சையால் மீண்டும் குறுகுவதில்லை. தேய்ந்த மூட்டு புதிதாவதும் இல்லை. இருதயத்தின்மேல் ஏறிக்கொண்டிருந்த பாரம் நின்றுவிடும், அவ்வளவே. அந்த ‘அவ்வளவே’ ஆந்திரேயின் ஆயுளில் இருபது ஆண்டுகளைக் கூட்டியிருக்கலாம். ராணா சில திங்களில் அரங்கிற்குத் திரும்பி, 2014 நவம்பரில் நிறுவனத்தை விட்டு விலகினார். அதன்பின் 2017-இல் ஒருமுறையும் 2018-இல் ஒருமுறையும் அங்கே தோன்றியதும், 2021-இல் அந்நிறுவனத்தின் புகழ்மன்றத்தில் சேர்க்கப்பட்டதும், 2022-இல் பாரதிய ஜனதா கட்சியில் சேர்ந்ததும் செய்தித்தாள் படிப்போர் அறிந்தவையே.

நம்மை நின்று கவனிக்கச் செய்வது 2015-ஆம் ஆண்டில் அவர் ஜலந்தரில் தொடங்கிய ‘கான்டினென்டல் ரெஸ்லிங் என்டர்டெயின்மென்ட்’ என்னும் பயிற்சிச்சாலை. தொழில்முறை மல்யுத்தம் கற்க விரும்பும் இந்திய இளைஞர் அதுவரை கடல் கடந்தே செல்ல வேண்டியிருந்தது. நம் நாட்டு அகாடாக்களில் மண் உண்டு, குரு உண்டு, குஸ்தி உண்டு; கயிறு கட்டிய அரங்கில் கூட்டத்தை நோக்கி நின்று பொருதும் கலைக்கு ஆசான் இல்லை. காமா பயில்வானும் தாராசிங்கும் எத்தனை புகழ் பெற்றிருந்தும், 1968-இல் பம்பாயில் லூ தேஸை வென்ற தாராசிங்கின் வெற்றியை நாடே கொண்டாடியிருந்தும், அவர்களுக்குப்பின் அக்கலையில் வழித்தோன்றல்கள் முறையாக உருவாகவில்லை. ராணாவின் சாலை அந்தக் குறையை ஓரளவு நிரப்பியது. தன்னைப்போல் நெடியவரை மட்டும் தேடி அவர் சேர்க்கவில்லை என்பதை முக்கியமாகக் குறிப்பிட வேண்டும். வியாதி தந்த உயரம் பாடத்திட்டமாக முடியாது. நிற்றலும் வீழ்தலும் பிறனைப் பத்திரமாகத் தூக்குதலுமே கற்பிக்கத்தக்கவை.

அச்சாலையில் சேர்ந்தோருள் அரியானாவைச் சார்ந்த கவிதா தேவியும் ஒருவர். பளுதூக்கும் வீராங்கனையாக 2016-ஆம் ஆண்டுத் தெற்காசிய விளையாட்டுப் போட்டியில் தங்கம் வென்ற அவர், அதே ஆண்டில் ஜலந்தர் அரங்கில், ‘என்னை எதிர்க்கத் துணிவோர் உண்டோ’ என்று அறைகூவிய பெண் மல்லர் ஒருவரை எதிர்த்துப் பார்வையாளர் நடுவிலிருந்து எழுந்து வந்தார். மல்லர் உடை எதுவும் அணியாமல், காவி நிறச் சல்வார் கமீசோடும் இடுப்பில் இறுகக் கட்டிய துப்பட்டாவோடும் கயிற்றைத் தாண்டி உள்ளே புகுந்து, எதிரியைத் தலைக்குமேல் தூக்கி எறிந்த அக்காட்சி நாடெங்கும் கைப்பேசிக்குக் கைப்பேசி பரவியது. அடுத்த ஆண்டில் அமெரிக்காவில் நடந்த ‘மே யங் கிளாசிக்’ பந்தயத்திலும் அவர் சல்வார் கமீஸ் அணிந்தே பொருதார். நியூசிலாந்து நாட்டு டகோட்டா காயிடம் முதற்சுற்றிலேயே தோற்றார் எனினும், அந்நிறுவனம் 2017 அக்டோபரில் அவரோடு ஒப்பந்தம் செய்துகொண்டது. அவ்வாறு ஒப்பந்தம் பெற்ற முதல் இந்தியப் பெண் அவர். அவருடைய உயரம் ஏறத்தாழ 5 அடி 9 அங்குலம்.